மூன்றாவது கொட்டேஷன்

எத்தனையாவது கடை இது? ஆறா, ஏழா? கேட்க வேண்டாம். கேட்டால் எல்வின் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இவர் தானாக வாங்கித் தரப்போகிற முதல் பொருள். சந்தோஷப்பட வேண்டும், ஜெயசுந்தரி. ஒரு பேனாவின் படத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விட வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றுகிறது?

— ...ஆக, ஹாம்பர்க்காரன் பத்தொன்பது பர்சென்ட் டாக்ஸைக் கழிச்சிடறான், சுந்தரி. வெளிநாட்டுக்கு அனுப்பினா அவங்களுக்கு டாக்ஸ் இல்ல. லண்டன்காரன் இருபது கழிக்கிறான், ஆனா கூரியர்ல புடுங்கிடறான். கேக்கிறியா?

— கேட்டுட்டுதான் இருக்கேன். நீங்க சொல்லுங்க. கறிக்கொழம்பு ஆறுது.

— ஆறட்டும். இங்க பாரு, கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் சேத்து திருமுல்கேரில நம்ம வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற விலை போட்டிருக்கேன். சிங்கப்பூர் தொண்ணூத்தாறாயிரம். ஹாம்பர்க் ஒரு லட்சத்து நாலாயிரம். லண்டன் ஒண்ணு ஒன்பது. ஒசாகா ஒண்ணு பன்னெண்டு. இங்க பஞ்சாரா ஹில்ஸ்லயே ஒருத்தன்கிட்ட கேட்டேன், ஒண்ணே கால்னான். ஏசிக்கும் காபிக்கும் சேத்துப் போடறான் போல.

— ஒரு பேனாவுக்கு லட்ச ரூவாயாங்க! எங்கப்பா பாளையங்கோட்டையில முப்பது வருசம் வாத்தியாரா இருந்தாவ. ஒரே பேனா. நிப்பு தேஞ்சா நிப்ப மட்டும் மாத்துவாவ.

— அரே, இது அந்த மாதிரி பேனா இல்ல. அரக்குப் பூசி, காயவச்சு, தேச்சு, மறுபடி பூசி... ஒரு பேனா முடிய மாசக்கணக்கு ஆகும். கறுப்பு மேல தங்கத்தூள்ல மின்மினி. மொத்தம் ஏழு.

— நான் மளிகைச் சீட்டு எழுதுதவ. எனக்கு எதுக்கு ஏழு மின்மினி?

— பர்த்டேக்கு ஒரு நல்ல பொருள் குடுத்தா நக்கோவா உனக்கு?

— வேண்டாம்னா சொன்னேன்? உங்க ஊரு நக்கோவும், ஆமாங்கதுக்குச் சொல்லுத ஹவ்வும் இன்னும் என் நாக்குல வரமாட்டேங்கு. சரி, சிங்கப்பூர்லயே வாங்குங்க. உங்க ஆபீஸ் கிருஷ்ணகுமார் அடுத்த வாரம் அங்கதான போறாரு? கையோட கொண்டுவந்துருவாரு.

— நக்கோ. ஒசாகா.

— ஒசாகாவா? அது நாலாவதுல்லா?

— ஹவ். நாலாவதுதான்.

— என்னங்க இது அதிசயமா இருக்கு! பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்ல இருபத்திரண்டு வருசம். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொன்னிய, மூணு கொட்டேஷன் இல்லாம குண்டூசி வாங்கமாட்டேன், கொறஞ்ச விலைக்காரன விட்டு வேற எவன்கிட்டயும் போகமாட்டேன்னு. எங்கம்மை அடுப்படியில வந்து கேட்டா, 'ஏட்டி, நீ எத்தனாவது கொட்டேஷன்?'னு.

— அத்தை அப்படியா கேட்டாங்க?

— அதையெல்லாம் உங்ககிட்ட சொல்லுவாளா? ஒசாகா எதுக்குன்னு சொல்லுங்க.

— மத்தவனெல்லாம் பேனாவ டப்பால வச்சு அனுப்புவான், அவ்வளவுதான். ஒசாகால ஒரு கிழவன் இருக்கான். யார் எழுதப் போறாங்களோ அவங்க கையெழுத்து ஒரு பக்கம் அனுப்பச் சொல்றான். எந்தப் பக்கம் சாயுது, எங்க அழுத்துது, எங்க தூக்குதுன்னு எல்லாம் பாத்து, நிப்பை அந்தக் கைக்குன்னே தேச்சுத் தர்றான். எக்ஸ்ட்ரா அதுக்குத்தான்.

— என் கைக்குன்னே ஒரு நிப்பா?

— ஹவ். வேற யார் எழுதினாலும் கீறும்.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னங்க, அந்தக் கடைசி வரிசை என்ன, சாம்பல் கலர்ல? அதுலயும் ஒசாகா, லண்டன்னு போட்டிருக்கு. விலையெல்லாம் கம்மியா இருக்கே.

— அது பழசு. விடு.

— அஞ்சு வருசத்துக்கு முந்தின தேதி.

— ரெஃபரன்ஸுக்கு வச்சிருக்கேன். எதுக்கு அதெல்லாம் பாக்கறே?

— மேல ஃபைல் பேரும் இருக்குல்லா. 'அபி பேனா'. அபிகாயில் அக்கா கேட்ட பேனாவா இது?

— கேட்டா. பதினாறு வருஷம் என்னோட குடும்பம் நடத்தினதுல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். நான் ஷீட் போட்டேன். வருஷக் கடைசில டிஸ்கவுன்ட் வரும்னேன். அப்புறம் யென் இறங்கும், கொஞ்சம் வெயிட் பண்ணுன்னேன்.

— அதுக்குள்ள போயிட்டாவ.

— ம்.

— சரி, இருக்கட்டும். அவங்களுக்கு வாங்க முடியாதத எனக்கு வாங்குதிய. நான் தப்பா எடுக்கலங்க. என் எழுத்துல எத அனுப்புனிய?

— ரெண்டு அனுப்பினேன். போன மாசம் நீ எழுதின மளிகை லிஸ்ட். அப்புறம் அபியோட ஜெப நோட்டுல ஒரு பக்கம். ஆஸ்பத்திரில எழுதினது, நீ இன்னும் தொடாத பக்கம்.

— அவங்க பக்கம் எதுக்கு?

— ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது இல்லயா? ரெண்டுல எந்தக் கைக்கு நிப் தேய்க்கலாம்னு கேட்டேன். காலைல பதில் வந்தது, நாம சர்ச்சுல இருக்கறப்ப.

— என்ன எழுதியிருக்காரு?

— உடைஞ்ச இங்கிலீஷ். நான் தமிழ்ல சொல்றேன். 'ஐயா, உங்க மொழி எனக்குத் தெரியாது. எழுத்து புரியல. ஆனா கை புரியுது. ரெண்டு தாளையும் எழுதினது ஒரே ஆள்தான். பழைய தாள் உடம்பு சரியில்லாதப்ப எழுதினது. புதுத் தாள்ல கை தேறியிருக்கு. குணமானதுக்கு வாழ்த்துகள்.'

— வேற யாருக்கோ எழுதுனத உங்களுக்கு மாத்தி அனுப்பிட்டாரா இருக்கும்.

— கீழ இன்னொரு வரி இருக்கு. 'இடது கைக்காரங்கங்கறதால முனைய வேற மாதிரி தேய்க்கணும்.'

— நான் சோத்துக்கையாலதான எழுதுவேன்! இடது கை அவங்கல்லா!

— தெரியும்.

— அப்பம் அந்தாளு சொல்லுதது தப்பு.

— லிஸ்ட் இதோ இருக்கு. பாரு. துவரம் பருப்பு, கடுகு, ராகி மாவு. எப்படிப் பின்னால சாஞ்சு நிக்குது பாத்தியா? கல்யாணத்துக்கு முன்ன நீ எழுதின லெட்டர் என்கிட்ட இருக்கு. ஒவ்வொரு எழுத்தும் அசெம்ப்ளில நிக்கற பசங்க மாதிரி நேரா நிக்கும். வாத்தியார் மக எழுத்து.

— அது நீங்க சொன்னதால வந்ததுங்க. நான் வந்த முதல் மாசம், மசாலா டப்பா சீட்டெல்லாம் அழிஞ்சுபோச்சு, பழைய எழுத்து மேலயே எழுதுன்னிய. எழுதுனேன். பொறகு கிறிஸ்மஸ் கார்டு. அல்வால்ல இருக்க உங்க அத்தைக்கு அபி எழுதற மாதிரியே எழுதுன்னிய. பொறகு ஜெப நோட்டு. மழையில நனைஞ்சு மை மங்கிட்டு, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பக்கமா மேல எழுதிக் குடுன்னிய.

— நீ ஒரு தடவகூட மாட்டேன்னு சொன்னதில்ல.

— செத்தவங்க எழுத்து அழியக்கூடாதுன்னு நெனச்சேன். எங்கப்பா எழுத்துன்னு ஒரு துண்டுச் சீட்டுகூட என்கிட்ட இல்ல. அதான்.

— எத்தனை பக்கம் ஆச்சு?

— அறுவத்தெட்டு. எல்லாம் வலது கையாலதான் எழுதுனேன், கேட்டியளா?

— உன் இடது உள்ளங்கை ஓரத்தைத் திருப்பிப் பாரு.

— எதுக்கு?

— சுண்டுவிரல் பக்கம். திருப்பு.

— மை.

— அபிக்கும் அங்கதான் இருக்கும். எழுதிட்டே போறப்ப ஈர மை மேலயே அவ கை தேய்ஞ்சுட்டு வரும். சோப்பு போட்டாலும் போகாது. பதினாறு வருஷம் அந்தக் கறையப் பாத்திருக்கேன்.

— நோட்டுல இருந்து பட்டிருக்கும். காலையில சர்ச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒரு பக்கம் எழுதுனேன்லா.

— எந்தக் கையால?

— ஞாபகம் இல்ல.

— பரேஷான் ஆகாத, பயப்பட ஒண்ணும் இல்ல.

— நீங்க எதுக்குச் சிரிக்கிய?

— சிரிக்கல. எனக்கு... எப்படிச் சொல்றது. ஒண்ணரை வருஷமா பாத்துட்டே இருக்கேன், சுந்தரி. முதல்ல டப்பாச் சீட்டு. அப்புறம் கார்டு. அல்வால் அத்தை கார்டப் பாத்துட்டு போன் பண்ணி அழுதாங்க, 'அபி எழுத்தேதான்டா'ன்னு. போன மாசம் லிஸ்ட் எழுதிட்டு இருக்கறப்ப பாதில நீ பேனாவக் கை மாத்தினே. நான் மூச்சுகூட விடல.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா!

— சொன்னா நின்னுடும். என் கண்ணு ஒண்ணு, அல்வால் அத்தை ரெண்டு. நம்ம மொழியே தெரியாத, நம்மள யாருன்னே தெரியாத ஒரு மூணாவது ஆள் சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லிட்டான்.

— அப்பம் என் எழுத்துக்கும் மூணு கொட்டேஷன் வாங்கிட்டிய. எதுக்குங்க இதெல்லாம்?

— மேசை மேல அபியோட ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கு, அதுல கடைசித் தாள எடு.

— அந்தத் தாள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டு.

— பின்பக்கம்.

— அதுவும் தெரியும்.

— படி. நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், எழுத்துக் கூட்டித்தான் வரும். நீ படி.

— 'எல்வின், வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் மூன்றாவது கொட்டேஷன் வரட்டும் என்றீர்கள். பதினோரு நாள் நானும் காத்திருந்தேன். இன்று சாயங்காலம் என்னை ஐசியூவுக்கு மாற்றுகிறார்கள். நான் உங்களை'... அவ்வளவுதான் இருக்கு.

— 'நான் உங்களை.' நாலு வருஷமா அங்கயே நிக்குது. நான் உங்களை என்ன? தூங்கப் போனா அதுதான், முழிச்சா அதுதான். மூணு ஆஸ்பத்திரிலயும் ஒரே ஆப்பரேஷன், சுந்தரி. வித்தியாசம் நாப்பதாயிரம். நாப்பதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்...

— அழாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அவ ஆசப்பட்ட பேனா. அவ கைக்குத் தேச்ச நிப். அவ கை. ஹவ்னு ஒசாகாவுக்கு ஒரு பதில் போட்டா போதும், எல்லாம் வந்துடும். வந்ததும் நீ அந்த வரிய முடிச்சுக் குடு. 'மன்னித்துவிட்டேன்.' ஒரே வார்த்தை. நீ எழுதினா அவ எழுதினதுதான்.

— அப்பம் பேனா எனக்கில்ல.

— உனக்குத்தான். உன் கைக்குத்தான்.

— ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேங்க. இந்தத் தாளுக்கும் நான் மேல எழுதிட்டேன். போன ஞாயித்துக்கிழமை, நீங்க மேட்ச் பாத்துட்டு இருந்தப்ப. மத்த பக்கமெல்லாம் எழுத்தப் பாத்துப் பாத்துத்தான் கை போகும். இதுல நான் தாளையே பாக்கல. சன்னல் வழியா வேப்பமரத்தப் பாத்துட்டு இருந்தேன். அது பாட்டுக்கு எழுதிட்டே போச்சு, 'நான் உங்களை' வரைக்கும்.

— அப்புறம்?

— நின்னுட்டு. நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன், பாவம், பாதியில விட்டுட்டாவன்னு. நாமளாவது முடிச்சு வைப்போம்னு பேனாவ அழுத்துனேன். நகரல. மை இருந்துது. தாள்ல இடமும் கெடந்துது. குனிஞ்சு பாக்கேன், பேனாவுக்கு மூடி போட்டிருக்கு. நான் போடலங்க.

— நீயே மூடிட்டு மறந்திருப்பே.

— அன்னைக்கும் இடம் இருந்தது, மை இருந்தது, நர்ஸ் வர்றதுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. முடியாம நிறுத்தல. நக்கோன்னுதான் மூடி வச்சது, எல்வின்.

— நீ... நீ இப்ப என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்?

— பேர் சொல்லிக் கூப்பிட்டே. நீ ஒரு நாளும்... ஒரு மணி நேரம்னு உனக்கு யார் சொன்னது?

— தெரியலங்க. கொழம்பு ஆறிட்டு. சூடு பண்ணட்டுமா?

— உக்காரு. சுந்தரி, ப்ளீஸ். ஒசாகா நக்கோ. பேனாவும் நக்கோ. இந்தா, அஞ்சு ரூபா பால்பாயிண்ட். வலது கையாலயே எழுது. உன் எழுத்துலயே எழுது, நேரா நிக்குமே, அந்த எழுத்துல. அவ வேண்டாம், நீயே எழுது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

— ரெண்டு கையும் மாட்டேங்குதுங்க.