கீழே இறங்காத வகுப்பு

இந்தக் கல்லூரி ஒரு மாணவியைப் படிக்கவிடாமல் துரத்திவிட்டது.

இதைச் சொல்லாமல் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மாடிக் கட்டடத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் தாளாளர் துளசிராமன் அவர்களே, கல்லும் கம்பியும் தந்து இதைக் கட்டி எழுப்பிய ஆண்டர்சன்பேட்டை வணிகப் பெருமக்களே, பாடம் சொல்லித் தந்த பேராசிரியர்களே, ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இந்தப் படிகளில் ஏற முடியாமல், கீழே வாசலில் ஜட்கா வண்டிக்குள் உட்கார்ந்து, வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் சரோஜம்மாவே, உனக்கும் வணக்கம்.

மாணவர் சார்பில் நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். எதற்கு நன்றி சொல்வது?

சரோஜம்மா யார்? தங்கச் சுரங்கத் தொழிலாளி ராஜப்பாவின் மகள். இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டது. எங்கள் வரலாற்று வகுப்பு மாணவி. போன வருஷம் அந்த வகுப்பு கீழே நடந்தது. ராஜப்பா அவளை வண்டியிலிருந்து தூக்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார வைப்பார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கேட்டாள், எழுதினாள், எங்கள் எல்லோரையும் முந்தினாள். பிறகு மாடி எழுந்தது. திறப்பு விழாவுக்குக்கூடக் காத்திராமல் வகுப்பு மேலே ஏறியது. கீழே இருந்த அறை? அது தாளாளர் அறையானது. சோபா வந்தது, திரைச்சீலை வந்தது. மாதம் ஒருமுறை வருகிறவருக்குத் தரை. தினமும் வர வேண்டியவளுக்கு மாடி. இது எந்த ஊர் நியாயம்?

ராஜப்பா மகளை முதுகில் சுமந்து ஏறினார். பாறைத் தூசி தின்ற நுரையீரல் அவருடையது. ஒருநாள் பாதிப் படியில் மகளை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"இன்னாப்பா, போதும்பா. ஊட்டுக்குப் போலாம்" என்றாள் அவள்.

"இரும்மா. கொஞ்சம் மூச்சு வுட்டுக்கினு ஏறிடலாம்."

மேலே வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், கேஜ் மேல வருதுடா. பெல் அடிங்கடா."

வராந்தா முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்கள் யார்? வேற்றூர்ப் பிள்ளைகளா? இல்லை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கப் பாதாளத்துக்குள் இறங்குகிறவர்களின் பிள்ளைகள். அந்த மணி எதற்கு அடிக்கும் என்று சோறு ஊட்டும்போதே கேட்டு வளர்ந்தவர்கள்.

பாறை சரிந்து ஒருவன் அடிபட்டால், அவன் வேலை செய்த அடித்தளத்து லெவலிலிருந்து தனியாக ஒரு மணி அடிக்கும். அந்த மணி கேட்டால் கேஜ் அவனுக்கு. தங்கக் கல் காத்திருக்கும், மேஸ்திரி காத்திருப்பார், துரைமார் காலத்தில் துரையும் காத்திருந்தார். ஒருவனுக்காக ஒரு ஷாஃப்டே, ஒரு சுரங்கக் குழியின் வேலையே நிற்கிறதா என்று எவனாவது கேட்டதுண்டா? பின்வரிசையில் கோவிந்தண்ணன் இருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள் அண்ணா. "கேட்டா வுட்ருவமா?" என்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் தாளாளரிடம் போனோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒருத்திக்காக ஒரு கிளாஸையே கீழ இறக்கறதாப்பா? பாவந்தான். தீபாவளிக்கு ஒரு பொடவை வேணா எடுத்துத் தர்றேன், நம்ம ஜவுளிக் கடைக்கு வரச் சொல்லு."

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள். "பொடவை கட்டிக்கினு எங்க போறது?" என்றாள்.

பேராசிரியர்களிடம் கேட்டோம், தாளாளரைக் கேளுங்கள் என்றார்கள். கோலாருக்குப் போய் அதிகாரிகளைக் கேட்டோம். அப்படி ஒரு விதியே இல்லையே என்றார்கள். நடக்க முடியாதவள் வகுப்புக்கு வராவிட்டால் பரீட்சை எழுதக்கூடாது என்பதற்கு விதி இருக்கிறது. அவள் வருவதற்கு வழி செய்ய விதி இல்லை. ராஜப்பா படுத்துவிட்டார். அவள் வருகை குறைந்துவிட்டது. பரீட்சையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே யாரோ "உக்காருடா" என்கிறீர்கள். எனக்கு உட்கார இடம் இருக்கிறது அண்ணே. அவளுக்குத்தான் இல்லை.

நான் பேசினால் மாறிவிடும் என்று நம்பி இங்கே ஏறவில்லை. நம்பிக்கையெல்லாம் அந்தப் பாதிப் படியிலேயே போய்விட்டது. ஜட்காவில் அவள் மடியில் துணி மூட்டை இருக்கிறது. பூதிகோட்டையில் அத்தை வீட்டுக்குப் போகிறாள். அங்கே கடலைக்காய் உரிக்கும் வேலை காத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று இப்போதுதான் வாசலில் சொல்லிவிட்டு வந்தேன். "எத்தினி நாளு பொறுக்கறது? என்னைத் தூக்கித் தூக்கியே அப்பா செத்துட்டா, பட்டத்த யாருகிட்ட காட்றது?" என்றாள். அந்தக் கேள்வியோடுதான் படி ஏறி வந்தேன். உங்களிடம் பதில் இருக்கிறதா?

பள்ளத்தின் அடியிலிருந்து அடிபட்டவனை மேலே கொண்டுவரத் தெரிந்த ஊர் இது. ஒரு வகுப்பை ஒரு மாடி கீழே இறக்கத் தெரியாதா? தெரியாதா, மனமில்லையா?

கைதட்ட வேண்டாம். கைதட்டல் அவளைத் தூக்கி வராது.

தாளாளர் அவர்களே, மாடியை இடிக்கச் சொல்லவில்லை. அந்தச் சோபாவை மேலே ஏற்றுங்கள். அதற்கு மூச்சு வாங்காது. எங்கள் வகுப்பைக் கீழே இறக்குங்கள். அவளைப் பரீட்சை எழுத விடுங்கள். இப்போதே, இந்த மைக்கில் சொல்லுங்கள், கீழே அவளுக்குக் கேட்கட்டும். கேட்டால் வண்டியைத் திருப்பச் சொல்வாள்.

நன்றியும் வணக்கமும் சொல்லி முடிப்பது மேடை மரபு. இரண்டையும் நான் தர மறுக்கவில்லை. உங்கள் பதில் வந்ததும் தருகிறேன்.

இதோ, ஒதுங்கி நிற்கிறேன். மைக் உங்கள் பக்கம்.

மாலையைச் சரிசெய்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்கிறீர்கள். அவளுடைய பூதிகோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது; கீழே குதிரையின் கழுத்து மணி அசைவது இங்கே வரை கேட்கிறது.

வகுப்பு கீழே வருமா, வராதா? சொல்லுங்கள், ஐயா.