தசைக்குள் நடக்காத கவாத்து

அவைத்தலைவராக வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஏலப்பாறை ஏறிவந்து முகாம் நடத்தும் மருத்துவர்களே! கொழுந்துச் சாக்கைச் சுமந்து சுமந்தே கூன் விழுந்த பெரியவர்களே! தாய்மார்களே! என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் என் சொந்தங்களே! உங்களுக்கும் சேர்த்தே இந்தச் சுவக்கீனின் வணக்கம்.

நன்றி சொல்லத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு துக்கத்தைச் சொல்கிறேன்.

என்ன தம்பி? "பெருசு, பிரியாணி ஆறுது, சுருக்கா முடிங்க" என்கிறாயா? ஆறட்டும். சூடாக்கிக்கொள்ளலாம். என் மகள் சிசிலியின் கால்களை எந்த அடுப்பில் சூடாக்குவேன்?

இதே கோயிலில் எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்த பிறகும் அவள் மட்டும் எழமாட்டாள். "என்னா பக்தி, பாத்தியாடி! ஒம்மவளும் இருக்காளே" என்று நீங்கள்தான் மெச்சினீர்கள். நானும் பெருமைப்பட்டேன். பக்தியா அது? எழ முடியாமல் தவித்தாள் ஐயா, எழ முடியாமல் தவித்தாள்! மேட்டுக்காட்டில் கங்காணி, "மகாராணி பல்லக்குல வாறாக, வழி விடுங்க" என்று கேலி செய்தார். வாதம் என்றார்கள், சோம்பல் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். கடைசியில் பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள்: கால்பெயின் பழுது.

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். புரியும்வரை அந்த மருத்துவரை விடவில்லை. "காலையிலதானே சொன்னேன் பெரியவரே" என்றார். "சாயங்காலமும் சொல்லுங்க" என்றேன்.

கால்பெயின் என்பது நம் உடம்பு தானே செய்துகொள்ளும் ஒரு நொதி. புரதத்தை வெட்டும் கத்தரி. அதன் வெட்டும் பகுதி இரண்டு பாதிகளாக விலகிக் கிடக்கும். சும்மா வெட்டாது. கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, வந்து ஒட்டினால்தான் இரண்டும் நெருங்கி அலகு கூடும். கண்டதையும் நறுக்காது, குறித்த புரதத்தைக் குறித்த இடத்தில் வெட்டும். இந்தக் குடும்பத்துக் கத்தரிகளில் ஒன்று தசைக்கென்றே உள்ளது. தேய்ந்ததை வெட்டி, புதியது வர வழிவிடுவது அதன் வேலை. தேயிலையில் முற்றிய கிளையைக் கழித்து, கவாத்து வெட்டிப் பிழைத்த எனக்கு இது விளங்காதா? கவாத்து இல்லாத தேயிலைச் செடி என்ன ஆகும்? தண்டு முற்றும், கொழுந்து நின்றுபோகும். என் மகளின் தசைக்குள் அந்தக் கவாத்து நடக்கவில்லை. கத்தரியே பழுது!

என் தங்கை செபமாலையம்மாள் பாதிதான் கேட்டாள். "சுண்ணாம்புச் சத்து வந்தா வெட்டுமாம்ல, அப்ப பாலுதான் புள்ளைய வெட்டுது, நிறுத்துண்ணே!" என்று அழுதாள். வீட்டில் பாலை நிறுத்தினார்கள். மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். தசை தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. குடிக்கும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நோய் வெட்டுவதால் அல்ல, வெட்டாததால் என்றார். தங்கையைக் குறை சொல்லவில்லை. சிசிலியை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். இன்று அவளே எனக்கு எதிராகிவிட்டாள்.

ஏன்? என் மகன் சுஜினுக்கும் அவள் மகள் ஜிஸ்மிக்கும் கல்யாணம். அத்தை மகள், முறைப்பெண். வருகிற ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். நானும் மாமன் மகளைத்தான் கட்டினேன். இந்தக் கத்தரியைச் செய்யும் மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு வரும்; ஒன்று மட்டும் கெட்டால் பாதிப் பழுது. அவளிடம் ஒரு பாதிப் பழுது, என்னிடம் ஒரு பாதிப் பழுது. இரண்டும் சேர்ந்து சிசிலிக்குப் போயின. சுஜினின் இரத்தத்தைப் பார்த்தாயிற்று. அவனிடமும் பாதி இருக்கிறது. ஜிஸ்மியிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நெருங்கிய முறையில் கட்ட மறைமாவட்ட ஆயர் அனுமதி கொடுத்துவிட்டார். இரத்தம் கொடுத்ததா?

என்னம்மா தங்கச்சி? எழுந்தே விட்டாயா? உரக்கச் சொல், எல்லோரும் கேட்கட்டும்.

"எறங்குண்ணே கீழ! ஊரு முன்னால எம் புள்ளைக்குப் பழுதுன்னு பேரு கட்டுறியே, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

கேட்டீர்களா? அந்தத் தாயின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாம்தான். பாதிப் பழுது நோயல்ல, அம்மா! அந்தப் பாதியோடுதான் நான் ஓய்வு பெறும்வரை இந்த மலையில் கவாத்துக் கத்தி வீசினேன். பக்கத்து அறையில் மேசை போட்டிருக்கிறார்கள். ஒரு குழாய் இரத்தம், வேறொன்றும் வேண்டாம். பழுது இல்லையென்றால் பந்தல்காலை நானே நடுகிறேன். இருந்தால், அந்தப் பழுது இல்லாத வேறொருவனை அவள் நிம்மதியாகக் கட்டட்டும்.

மகனே சுஜின், தலையைத் தொங்கப் போடாதே. உன் ஆசையை நான் அறிவேன். அறிந்துதான் சொல்கிறேன்.

ஜிஸ்மி எழுகிறாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காதீர்கள், பிள்ளை கூசுகிறாள். மேசைக்கா போகிறாள்? இல்லை. தாயின் கை இழுக்கிறது. வாசலுக்குப் போகிறாள்.

சரி. போகட்டும்.

சாமி, ஞாயிறன்று ஓலை வாசித்துவிட்டு, "தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்பீர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் நான் எழுந்து நிற்பேன். இரண்டாம் ஓலைக்கும் நிற்பேன், மூன்றாம் ஓலைக்கும் நிற்பேன். என் மகன் என்னோடு பேசாமல் போகலாம். தங்கை என் சாவுக்கும் வராமல் போகலாம். ஜிஸ்மி வாழ்நாள் முழுவதும் என்னைச் சபிக்கட்டும். சபிக்கிற அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் தங்கள் கால்களாலேயே இந்த மலையில் ஏறட்டும்!

வந்த மருத்துவர்களுக்கு நன்றி. இருந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து போனவர்களுக்கும் என் கண்ணீரோடு வணக்கம்.