கறை பிடிக்காத துணி

வேணாங்க, நீங்க கை வைக்காதீங்க. தையல் போட்ட உடம்பு, குனியக்கூடாது. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அந்த ஸ்டூல்லயே உக்காருங்க. இன்னும் நாலு துணிதான். அலசிப் புழிஞ்சு பையில போட்டுத் தந்துர்றேன். உங்க மாமியார் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கத்தானே போயிருக்காங்க? அந்த ஜன்னல்ல வரிசை இந்நேரம் மாடிப்படி வரைக்கும் நிக்கும். இப்போதைக்கு வரமாட்டாங்க.

இல்லைங்க, கோவமெல்லாம் இல்ல. என் குரலே அப்படித்தான். பேசிப் பழக்கமில்ல. இங்க வேலைக்குச் சேந்து ஆறு மாசம் வரைக்கும் எல்லாரும் என்னை ஊமைன்னே நெனச்சிருந்தாங்க. நர்ஸக்கா கையால ஜாடை காட்டித்தான் வேலை சொல்லுவாங்க. நானும், சரி, இதுவும் வசதியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். ஒருநாள் வாளி கால்ல விழுந்து அய்யோன்னு கத்திட்டேன். அதுக்கு அவங்க பயந்துபோய் கையில இருந்த மருந்த கீழ போட்டுட்டாங்க.

உங்க பையனுக்கு முப்பத்தெட்டு நாள், இல்ல? கட்டில்ல மாட்டின அட்டையில பாத்தேன். அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நம்பர்னா தெரிஞ்சிரும். சளிக்குத்தானே சேத்தீங்க? சளி போயிருச்சு. கண்ணுல மஞ்சள் இருக்கிறது, பச்சப் பிள்ளைங்கன்னா அப்படித்தான், காலை வெயில்ல காட்டுன்னு உங்க மாமியார் சொன்னாங்க. காதுல விழுந்துச்சு. எனக்கும் அதான் சொன்னாங்க. எங்க மாமியார் கெட்டவங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். தெரிஞ்சதச் சொன்னாங்க.

எனக்கு ஒரு பொண்ணு. ஆமா, ஒண்ணுதான்.

அவ பொறந்தப்ப எனக்குப் பத்தொம்போது வயசு. சமைச்சா உப்பு கூடிரும், பெருக்கினா மூலையில குப்பை நிக்கும், எதுக்கெடுத்தாலும் ஒரு பேச்சுதான் வீட்டுல. ஆனா பிள்ளைத் துணி தொவைக்கிறதுல மட்டும் என்னை அடிச்சுக்க ஆள் கெடையாது. நெசமாங்க. கொடியில போட்டா வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே சமயம்தான் பிள்ளை. அவங்க துணியில மஞ்சக்கறை எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. என்ன சோப்புடி போடுறன்னு வந்து கேட்டாங்க. எங்க மாமியாரே தெருவுல போறவங்க ரெண்டு பேரக் கூப்பிட்டு, கொடியக் காட்டி, எம் மருமக கை பாருங்கன்னாங்க. அதுவரைக்கும் அவங்க வாயில நான் இந்தாதான், ஏய்தான். அன்னைக்குத்தான் மொத மொதல்ல மருமக ஆனேன். அந்தச் சந்தோஷத்துல காஞ்ச துணியையே எடுத்துட்டுப் போய் மறுபடி தொவைச்சேன். சிரிக்காதீங்க.

ஒண்ணுக்குப் போனது மட்டும் அழுத்தமா மஞ்சளாப் படியும். அதுவும் வெயில்ல கெடந்தா போயிரும். ஆய் போன எடத்துல கறையே இருக்காது. தண்ணி ஊத்தினா சுண்ணாம்பு மாதிரி கரைஞ்சு ஓடிரும். நான் அத என் கை ராசின்னு நெனச்சேங்க.

கை ராசி இல்லையான்னு கேக்குறீங்களா? இல்லைங்க. ஈரல்ல இருந்து பித்தம் ஒரு சின்னக் குழாய் வழியா குடலுக்கு எறங்கணும். ஆய்க்கு மஞ்சள், பச்சையெல்லாம் அதுதான் குடுக்குது. குழாய் அடைச்சுக்கிச்சுன்னா நெறமே எறங்காது. நெறமே இல்லாததுல கறை எங்க பிடிக்கும்?

மாடியில இருக்கிற டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். வார்டுல கக்கா டாக்டர்னு சொல்லுவாங்க. வந்தா எல்லாப் பிள்ளையோட துணியையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பாங்க, அதான். வராங்கடி, கடையத் தொறந்து வைங்கன்னு ஆயாங்க கேலி பண்ணும். அவங்க காதுல விழும், சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு பாப்பாங்க. வைத்தியமும் பாப்பாங்க, ஆனா பாதி நேரம் ஆராய்ச்சிதான். பிள்ளைங்க ஈரலும் இந்தப் பித்தக் குழாயும்தான் அவங்களுக்கு இருபது வருஷமா. லட்சம் பிள்ளைங்களுக்குத் தொறந்திருக்கிற குழாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் மூடிக்குதுன்னு தேடுறாங்க. இன்னும் பிடிபடலையாம்.

நான் கேட்டேன். மாசமா இருந்தப்ப ஆகாதது ஏதாவது தின்னுட்டேனா, பாரம் தூக்கிட்டேனான்னு. எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு காரணம் வச்சிருந்தாங்க. டாக்டரம்மா, ஏன்னு எனக்குத் தெரியலம்மா, ஆனா உன்னால இல்ல, அது மட்டும் தெரியும்னாங்க. தெரியாதுன்னு வாய்விட்டுச் சொன்ன டாக்டர நான் அங்கதான் பாத்தேன்.

ஆனா ஒண்ணு என்னாலதாங்க. அத அவங்ககிட்ட நான் சொன்னதில்ல.

ஒன்றரை மாசத்துல தடுப்பூசி போடப் போனோம். அங்க இருந்த நர்ஸ், பிள்ளை ஆய் எல்லாம் நல்லாப் போகுதா, நெறம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. எங்க மாமனார் பக்கத்துல நிக்கிறார். அவரு முன்னாடி நான் சத்தமாத் தும்மினதுகூட இல்ல. தலையாட்டிட்டேன். அடுத்த மாசம் வேற நர்ஸ், அதே கேள்வி, அதே தலையாட்டல். அறுபது நாளுக்குள்ள கொண்டு வந்தா குடலையே ஈரலோட சேத்துத் தைச்சு விடுவாங்க. நெறைய பிள்ளைங்களுக்குப் பித்தம் எறங்கிரும். நாங்க இங்க வந்தது நூத்திப் பதினோராம் நாள்.

செஞ்சாங்க. செய்யாம இல்ல. அஞ்சாம் நாளு துணியில பச்சையா ஒரு கறை வந்துச்சு, உள்ளங்கை அகலத்துக்கு. நானும் எம் வீட்டுக்காரரும் அத விரிச்சு வச்சு, ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அவரு யார் யாருக்கோ போன் போட்டு, கறை வந்துருச்சு, கறை வந்துருச்சுன்னு சொல்றாரு. போன்ல அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியல. மூணு நாள் வந்துச்சு. அப்புறம் மறுபடி வெள்ளை.

பதினோரு மாசம் இருந்தா. கீழ ரெண்டு பல்லு வந்திருந்துச்சு.

ஆபரேஷன்ல எடுத்த ஈரல் துண்டு, நகத்தளவு இருக்கும், அத ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமான்னு டாக்டரம்மா கேட்டிருந்தாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அது இங்க மாடியிலதான் இருக்கு. ஒருநாள் பெருசாக் காட்டுற கண்ணாடியில வச்சு என்னைப் பாக்கச் சொன்னாங்க. ரோஸ் கலர்ல, பூப்போட்ட சீட்டித் துணி மாதிரி இருந்துச்சு. அழகா இருந்துச்சுங்க. அதான் வேற எடத்துல வேலை கெடச்சும் நான் போகல.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, காலையில டாக்டருங்க சுத்தி வந்தப்ப நான் கட்டிலுக்குக் கீழ துணி பொறுக்கிட்டு இருந்தேன். உங்களையும் கேட்டாங்க, நெறம் சரியாத்தான் இருக்கான்னு. உங்க மாமியாரும் வீட்டுக்காரரும் நின்னாங்க. நீங்க தலையாட்டினீங்க.

அய்யோ, அழாதீங்க. பிள்ளை முழிச்சுக்கும். ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். நான் என்ன, தொவைக்கிறவ. ஒரு தடவ ரத்தம் எடுத்தா சொல்லிருவாங்க. அப்படியே இருந்தாலும் உங்களுக்கு நாள் இருக்குங்க. முப்பத்தெட்டுதான். எனக்கு இல்லாதது அதுதான்.

மாமியார் சத்தம் போட்டா என்னைப் போடட்டும். நான்தான் பண்ணேன். காலையில உங்க பிள்ளை வெள்ளையா ஆய் போன துணிய நான் வாளியில போடலைங்க. வெளிச்சம் பட்டா நெறம் மாறிரும்னு கறுப்புப் பையில சுத்தி மாடியில குடுத்துட்டேன். உங்கள ஒரு வார்த்தை கேக்கல. தப்புதான். டாக்டரம்மா வேற வார்டுல இருந்தாங்க, வந்ததும் பாக்குறேன், அந்தப் பிள்ளையோட அம்மாவப் போக விட்டுராதன்னு சொல்லியனுப்பினாங்க. விட்டுராம எப்படி வச்சிருக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இந்த நாலு துணியத்தான் அப்ப இருந்து அலசிக்கிட்டே இருக்கேன்.

இதோ வரோம் டாக்டரம்மா. இங்கதான் இருக்காங்க, பிள்ளையோடதான்.

எந்திரிங்க. பையெல்லாம் இருக்கட்டும். அய்யோ, எங்கிட்ட வேணாங்க, பிள்ளைய நீங்களே தூக்கிக்கோங்க. கை ஈரமா இருக்கு. ஈரம்னு இல்ல, ஈரத்தத் தொடைச்சுக்கலாம், எம் பொண்ணக் கையில இருந்து எறக்கி வச்ச நாள்ல இருந்து நான் ஒரு கைப்பிள்ளையக்கூடத் தூக்கினதே…