வாத்துகள் படிக்காத பெயர்

கோல்டு ரூமில் வேலை செய்கிறவனுக்கு அங்கே சளி பிடிக்காது, மேடம். வெளியே வந்து வெயிலில் நின்றால்தான் பிடிக்கும். விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நேராக வெயிலுக்குப் போனீர்கள். மறுநாள் குரல் கம்மியிருந்தது. மிளகு ரசம் குடியுங்கள்.

எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. நகரிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். உங்கள் ஸ்டேஷனில் சலீம் ஏட்டு தமிழ் படிப்பார். அவரை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பரணியும் நானும் ஒரே பெஞ்சு. டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் கேசட் அவன் வீட்டில் இருந்தது, அதை ஊதி ஊதிச் சொருகும் பொறுமை என்னிடம் இருந்தது. பெரியவர்களான பிறகு, அந்தக் கேம்களில் பயங்கர ரகசியம் ஒளிந்திருப்பதாகப் புளுகும் வீடியோக்களைப் பார்த்துச் சிரித்தோம். அவற்றைக் கிண்டல் செய்து நாங்களும் ஒரு சேனல் தொடங்கினோம். பெயர் 'பாதாளக் கேசட்'. படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது அவன். எழுதுவதும் பேசுவதும் நான்.

ஒன்று சொல்கிறேன். வாத்து சுடும் கேமில் ஒரு வாத்தைக்கூடச் சுடாமல் விட்டால், கடைசிச் சுற்றில் வாத்துகள் வரிசையாக உட்கார்ந்து உங்கள் ரேஷன் கார்டில் உள்ள பெயர்களைப் படிக்கும். உங்கள் பெயரை மட்டும் விட்டுவிடும். இதை நான் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னேன். நான் சிரிக்காததால்தான் ஜனங்கள் சிரித்தார்கள். கமெண்டில் எல்லாரும் கேட்டது அந்தக் குரல் யாருடையது என்றுதான். என் பெயரைப் போடச் சொன்னேன். மர்மமாக இருக்கட்டும் என்றான் பரணி. நானும் சரி என்றேன்.

மாம்பழ சீசன் இல்லாத மாதங்களில், நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் கம்பெனியின் கோல்டு ரூமில் ஷூட்டிங் வைப்போம். பழைய டி.வி.மேல் உறைபனி படர்ந்து, வாயிலிருந்து புகை வந்தால் பயம் தானாக வரும். கதவைத் தட்டுவது, காப்பாற்றச் சொல்லிக் கத்துவது எல்லாம் பரணியின் வேலை. ஒருமுறை வாட்ச்மேன் ரங்கையா நிஜமென்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டார். நல்ல டேக் வீணானது. பரணி என்னைக் கைகாட்டி அவரைத் திட்டினான். "யோவ், நான் செத்தே பூட்டேன்னு கத்னாலும் தெறக்காத. தணிகாசலம் சொன்னாத்தான் தெறக்கணும்." ரங்கையா சொன்ன சொல் தவறாதவர். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை.

அந்தக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது, போனும் எடுக்காது. முதலாளிக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அதனால் ஷூட்டிங் நடக்கும்போதெல்லாம் ஒரு மாம்பழக் கிரேட்டை நிலைப்படியில் இடுக்கிவைப்பேன். கதவு மூடியதுபோலத் தெரியும், பூட்டிக்கொள்ளாது. அந்தக் கிரேட் எதற்கென்று பரணி கேட்டதே இல்லை. தன்னைச் சுற்றி மற்றவர்கள் செய்துவைப்பதை அவன் பார்க்கமாட்டான். குறையாகச் சொல்லவில்லை, அவன் சுபாவம்.

போன மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டி, பேச்சே எழவில்லை. வீட்டில் படுத்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "தொண்டை சரியாப் பூட்ச்சா நைனா? இப்பதான் உன் வீடியோ பாத்துக்கினு இருந்தேன். கணீர்னு கீது."

தொண்டை கட்டியதிலிருந்து நான் எந்த வீடியோவிலும் பேசியிருக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். என் குரல். நான் எழுதாத வாக்கியங்கள். பரணி கம்ப்யூட்டருக்குப் பழைய வீடியோக்களைக் கொடுத்து என் குரலைப் பழக்கியிருக்கிறான். அதற்கு மூச்சு எதற்கு, மேடம்? இருந்தும் நான் மூச்சு வாங்கும் இடத்தில் அதுவும் வாங்கியது. பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

திருப்பதியில் அவன் அறைக்குப் போனேன். பிரியாணி தின்றுகொண்டிருந்தான், எனக்கும் ஒரு தட்டு வைத்தான். கேட்டேன். வெட்கப்படவில்லை.

"குரல் உன்துதாம்பா, யாரு இல்லன்னது? ஆனா இப்போ எங்கிட்டயும் கீதே. நீ எதுக்குக் கஷ்டப்பட்டுக்கினு? ஊட்ல ரெஸ்ட் எடு."

ரசிகர்கள் சேனல் நம்பருக்கு மெசேஜ் போட்டால் அந்தக் கம்ப்யூட்டரே என் குரலில் பதில் சொல்லும்படி வைத்திருப்பதையும் காட்டினான். பெருமையாகத்தான் காட்டினான். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த நம்பர் என் பழைய போனிலும் திறந்தே இருந்தது. அவனுக்கு ஞாபகமில்லை. நான் லீவில் சித்தூரில் இருந்த அன்று மத்தியானம் அதில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போனதைக் கேட்டேன். என் குரலில், ரங்கையாவுக்கு, பரணி கம்ப்யூட்டரில் செய்து அனுப்பியது. "பரணி வருகிறார், கோல்டு ரூமைத் திறந்துவிடுங்கள்." ரங்கையா திறந்துவிட்டிருக்கிறார். கிரேட் வைக்க அங்கே நான் இல்லை.

பஸ் ஸ்டாண்டு கடையில் டீ சொல்லியிருந்தேன். டீ வருவதற்குள் ரங்கையா அதே நம்பருக்கு வாய்ஸ் மெசேஜில் கேட்டார். "சார், பரணி சார் உள்ளாற ரொம்ப நேரமா தட்றாரு. உங்க பேரு சொல்லிக் கூப்புட்றாரு. தெறக்கட்டா?"

என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான்.

கம்ப்யூட்டர் பதில் சொல்வதற்குள், பழைய போனில் மைக்கை அழுத்திச் சொன்னேன். "தெறக்காதே ரங்கையா. ஷூட்டிங். நான் வந்து சொல்ற வரைக்கும் தெறக்காதே."

டீயில் சர்க்கரை அதிகம். மாற்றித் தரச் சொல்லிக் குடித்தேன். மறுநாள் காலை டியூட்டிக்குப் போய், நானே கதவைத் திறந்தேன். ரங்கையாவிடம் சொன்ன சொல்லை நானும் காப்பாற்றினேன்.

பரணிமேல் எனக்குக் கோபம் கிடையாது. கதவை நான் மூடவில்லை. உள்ளே அனுப்பியதும் நான் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நீங்களும் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். கம்ப்யூட்டரே ரங்கையாவுக்குப் பதில் சொல்லிவிட்டது, அவன் செய்த இயந்திரம் அவனையே கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

ரங்கையா பாவம், இரவும் பகலும் அழுகிறார், அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஆனால் நேற்று சலீம் ஏட்டு ஒரு விஷயம் சொன்னார். ஹைதராபாத்திலிருந்து வந்த நிபுணர் அந்தத் 'தெறக்காதே' மெசேஜைக் கேட்டுவிட்டு, "இது மிஷின்தான். ஒரு மனுஷனால் அந்த நேரத்தில் இவ்வளவு நிதானமாகப் பேச முடியாது" என்றாராம்.

முடியும், மேடம். அது நான் பேசியது. ரங்கையா என்ற சொல்லுக்கும் ஷூட்டிங் என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு கேட்கும், அது என் மூச்சு. எங்கே வரச் சொன்னாலும் வந்து அதே மாதிரி பேசிக் காட்டுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு இந்த முறையாவது பெயரைப் போடுங்கள். முழுப் பெயர், தணிகாசலம்.