மூன்றாமவன் நீதிமன்றம் போய்ச் சேரட்டும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றி வாசலில் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று பேசியவன் நான். இன்றைக்குப் போல் என்றும் தயங்கியதில்லை.

கிடங்குக் காவலாளி கொல்லப்பட்டதை அறிவீர்கள். மூவரைத் தேடினார்கள். இருவர் பிடிபட்டார்கள், தப்பி ஓடியபோது சுட்டுக் கொன்றதாகக் காவல்துறை சொன்னது. அதில் ஒருவன் முழங்காலில் இரும்புத் தகடு வைத்தவன். கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடிப்பவன். அவன் எப்படி ஓடினான்? எவ்வளவு தூரம் ஓடினான்? கேட்டோமா? இல்லை. இதே மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தோம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அன்று அதிகாரிக்குப் பூங்கொத்து கொடுக்கக் காவலாளியின் மனைவியை அழைத்தோம். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "என் வீட்டுக்காரரை எதுக்குக் கொன்னாங்க? அனுப்பினது யாரு? அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

"கேக்கறதுக்குள்ள ஓடிட்டாங்கம்மா" என்றார் அதிகாரி.

"அப்ப நான் யார்கிட்ட கேக்கறது?"

பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

என்ன தம்பி? 'கொலைகாரனுக்கு எதுக்கு சார் கோர்ட்டு' என்கிறாயா? விடைத்தாளைப் பிரிக்காமலே உனக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தால் உன் அப்பா சும்மா விட்டிருப்பாரா? சிரிக்காதீர்கள், அவர் ஒருமுறை பள்ளிக்கே வந்தவர். தாளை மறுபடி திருத்தலாம்; உயிரை? அவன் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல வேண்டியது சாட்சியா, தோட்டாவா? தீர்ப்பு எழுத வேண்டியது பேனாவா, துப்பாக்கியா?

மூன்றாமவன் கடைசல் பட்டறைத் தொழிலாளி. அவன் அக்கா தையல்காரர். நேற்று என்னிடம் வந்தார். "சரணடையறேங்கறான் சார். கோர்ட்டு வாசல் வரைக்கும் விடுவாங்களா?"

சொல்லிவிடுகிறேன். அவன் இந்த மேடைத் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். எழாதீர்கள், உட்காருங்கள். அவனுக்கு அந்தப்பக்கம் அக்கா. இந்தப்பக்கம் இருப்பவர் காவலாளியின் மனைவி. "இவன் உயிரோட போய்ச் சேரட்டும் சார், எனக்குப் பதில் வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே அமர்ந்தார்.

வாசலில் ஜீப் வந்து நிற்பது எனக்கும் தெரிகிறது. பதற வேண்டாம். மணி மூன்றரை. நீதிபதி ஐந்து வரை இருப்பார். நடுவே இரண்டே தெருக்கள். தாய்மார்கள் இருபுறமும் வாருங்கள். தம்பிகள் பின்னால். கோஷம் வேண்டாம், கல் வேண்டாம், அவசரம் வேண்டாம். அவன் ஓடினான் என்று எவரும் எழுத முடியாதபடி மெல்ல நடப்போம்.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. மிச்ச நன்றியை நீதிமன்றப் படியில் சொல்கிறேன். வணக்கம். திரையை விலக்குங்கள்.