செப்டம்பரில் பிறக்கும் வருஷம்

கடைக்காரி: …நாலாவது வரி. படிங்க சார்.

நூலகர்: ப… ட… அடுத்தது… ம.

கடைக்காரி: ம இல்லே. நல்லாப் பாருங்க.

நூலகர்: மங்கலா இருக்கு.

கடைக்காரி: ரோட்டுல நின்னுக்கிட்டு எதிர்த்த கடை போர்டுல இருந்த போன் நம்பரைக்கூடப் படிச்சுட்டு இருந்தீங்க. உள்ள வரலாமா வேண்டாமான்னு கால் மணி நேரம்.

நூலகர்: பாத்தீங்களா…

கடைக்காரி: கண்ணு பரிசோதிக்கிறவளுக்குக் கண்ணு தெரியாதா? சரி, இந்த லென்ஸைப் போடறேன். முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்ப தெளிவா இருக்கா?

நூலகர்: இப்பதான். ரொம்பத் தெளிவு.

கடைக்காரி: இது வெறும் கண்ணாடி. பவரே கிடையாது. உங்க கண்ணு கழுகுக் கண்ணு. ரெண்டு பஸ் மாறி, பதினோரு வருஷம் கழிச்சு எதுக்கு வந்தீங்க?

நூலகர்: சும்மா… உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னு.

கடைக்காரி: உன்னையா? இவ்வளவு நேரம் நீங்க, வாங்கன்னு இருந்துச்சு.

நூலகர்: மூணு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில உக்காந்து ஆராய்ச்சி பண்ணவங்க நாம. வாசல்லயே ‘வாங்க சார்’னு ஆரம்பிச்சது நீதான்.

கடைக்காரி: கடைக்கு வந்தா எல்லாரும் சார்தான்.

நூலகர்: அப்பா எப்படி இருக்கார்?

கடைக்காரி: கல்லாவுல உக்காந்திருக்காரே. பக்கவாதம் வந்த வலது கை இன்னும் வரலே. இடது கையில பில் போடறார், எழுதினது என்னன்னு என்னைக் கேக்கறார்.

நூலகர்: வீட்டுல வேற…

கடைக்காரி: அவரும் நானும்தான். உங்களுக்கு?

நூலகர்: நானும் நூலகமும்தான்.

கடைக்காரி: நல்ல ஜோடி. சண்டை வராது.

நூலகர்: ஒரு விஷயம் சொல்லணும். பல்கலைக்கழக நூலகத்தோட இணையதளத்துல நான் ஒரு பக்கம் வெச்சிருக்கேன். இடைக்கால வரலாறு, பைசாந்தியம்ங்கற கிழக்கு ரோமப் பேரரசு, இதெல்லாம் படிக்கிறவங்களுக்கு எங்க என்ன கிடைக்கும்னு… சுவடிப் படங்க, ஈய முத்திரை, நாணயம், பழைய வரைபடம், கிரேக்க அகராதி…

கடைக்காரி: ஓ.

நூலகர்: ஒவ்வொண்ணுக்கும் இணைப்பு. கீழ ரெண்டு வரி நானே குறிப்பு எழுதியிருக்கேன். நீ பாத்திருப்பியோன்னு…

கடைக்காரி: நான் எங்க பாக்கறது? அதெல்லாம் தலை முழுகி எத்தனையோ வருஷமாச்சு. இப்ப எனக்குத் தெரிஞ்ச பேரரசர் எல்லாம் ஃப்ரேம் சப்ளை பண்றவர்தான்.

நூலகர்: வர்ற வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தை மூடறாங்க. …உன் கையிலேர்ந்து லென்ஸ் கீழ விழுந்துடுச்சு.

கடைக்காரி: விழட்டும். ஏன் மூடறாங்க?

நூலகர்: எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் சேத்து ஒரே பட்டியலாப் போடறாங்களாம். எந்த இணைப்பு செத்துப்போச்சுன்னு இயந்திரமே பாத்துக்கும். வாசகர் கடிதம் எழுதற பெட்டி இருக்காது.

கடைக்காரி: அதுல யாரு கடிதம் எழுதப் போறாங்க?

நூலகர்: ஒருத்தர் எழுதறார். மாசக் கடைசியில ஒண்ணு. நாலு வருஷமா. பேர் போட மாட்டார். ‘ஒரு வாசகர்’ அவ்வளவுதான்.

கடைக்காரி: வேலை வெட்டி இல்லாத பெரியவர் யாராவது இருக்கும். பென்ஷன் வாங்கிட்டு…

நூலகர்: நானும் அப்படித்தான் நினைச்சேன். ரொம்பக் கண்டிப்பான பெரியவர். முதல் கடிதமே திட்டுதான். ஒரு பைசாந்திய மடத்துச் சுவடி. எழுதி முடிச்ச தேதி கடைசி ஏட்டுல இருக்கு. உலகம் படைச்ச நாள்லேர்ந்து எண்ணுவாங்களே, அந்தக் கணக்கு. ஆறாயிரத்து ஐந்நூத்தி எழுபதாம் வருஷம், அக்டோபர். ஐயாயிரத்து ஐந்நூத்தி எட்டைக் கழிச்சா நம்ம கணக்குக்கு ஆயிரத்து அறுபத்திரெண்டு…

கடைக்காரி: அறுபத்தொண்ணு.

நூலகர்: ம்?

கடைக்காரி: அங்க வருஷம் பொறக்கறது செப்டம்பர் ஒண்ணாந்தேதி. செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு கூடக் கழிக்கணும். எத்தனை தடவைதான்… வாய் தவறி வந்துடுச்சு.

நூலகர்: அந்தப் பெரியவரும் இதே வரியைத்தான் எழுதியிருந்தார். ‘எத்தனை தடவைதான்’ உள்பட. என்னை இதுக்காகத் திட்டினவங்க இந்த உலகத்துலயே ஒருத்திதான்.

கடைக்காரி: தெரிஞ்சும் நாலு வருஷமா ‘மதிப்பிற்குரிய வாசகருக்கு’ன்னு பதில் போட்டீங்க.

நூலகர்: பேர் போடாம எழுதறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா? அப்புறம் நின்னு போச்சுன்னா?

கடைக்காரி: …மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையில ஈ ஓட்டிட்டு இருப்பேன். அப்ப உங்க பக்கத்தைத் திறப்பேன். முதல் நாள் ஒரு சுவடியைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். ஓரத்துல மெழுகு சொட்டின கறை. எழுதினவன் தூங்கி விழுந்திருக்கான் பாவம், பாதி வரி கோணலாப் போயிருக்கு. எனக்கு அழுகை வந்துடுச்சு. கண்ணாடிக் கடையில அழறது ஒரு வசதி. கண்ணு வலின்னு நினைச்சுப்பாங்க.

நூலகர்: அப்பா கேக்கலையா?

கடைக்காரி: கேட்டார். சொட்டு மருந்து போட்டேன்னு சொன்னேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றது… உங்களுக்காக விட்டுட்டு வந்ததை நினைச்சு அழறேன்னா? அவர் விடச் சொல்லவே இல்லே. நானாத்தான் வந்தேன். ஆனா அரை மணி நேரம் அதைப் படிச்சா, அன்னைக்கு முழுக்க நான் நானா இருப்பேன். ஒண்ணு மட்டும் புரியலே. வேற எங்க போனாலும் உறுப்பினர் எண் கேக்கும், கடவுச்சொல் கேக்கும். உங்க பக்கத்துல இருந்தது எல்லாமே திறந்து கிடந்துச்சு.

நூலகர்: அப்படிப்பட்டதா தேடித் தேடித்தான் போட்டேன். பணம் கட்டி வாங்கினதையும் போடுன்னு மேலதிகாரி சத்தம் போட்டார். மாட்டேன்னுட்டேன்.

கடைக்காரி: ஏன்?

நூலகர்: நீ உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கு, பகுதி நேர வேலையா நூலகக் கவுண்டர்ல இருந்தது நான்தானே. உன்கிட்ட அட்டை கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா?

கடைக்காரி: அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலே. முத்திரை குத்தினீங்க, ‘அடுத்தது’ன்னீங்க.

நூலகர்: பின்னால ஏழெட்டுப் பேர் நின்னாங்க. அவங்க போனதும் ஓடி வந்தேன். உன் பஸ் திரும்பிட்டு இருந்துச்சு.

கடைக்காரி: …அதை ஒரு கடிதத்துல எழுதியிருக்கலாம்.

நூலகர்: எழுத வரலே. எனக்கு வந்தது வேற ஒண்ணு. அதைச் சொல்லத்தான் வந்தேன். திட்டக் கூடாது.

கடைக்காரி: திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன்.

நூலகர்: அந்த அக்டோபர் கணக்கு நிஜமாவே தப்பு. அதுல நான் மாறவே மாட்டேன், உனக்கே தெரியும். ஆனா அதுக்கப்புறம் நீ கண்டுபிடிச்சதெல்லாம்…

கடைக்காரி: எல்லாம்?

நூலகர்: நானே போட்டது. பேரரசரோட அண்ணனைத் தம்பியாக்கினேன். பத்தாம் நூற்றாண்டு முத்திரையைக் கொண்டுபோய்ப் பன்னெண்டுல வெச்சேன். நகரத்து வடக்கு வாசலைத் தெற்கே தள்ளினேன்.

கடைக்காரி: மாணவங்க படிக்கிற பக்கம். வெக்கமா இல்லே?

நூலகர்: இருந்துச்சு. உன் கடிதம் வந்த நிமிஷமே திருத்திடுவேன். அதுவும் இல்லாம, அந்தப் பக்கத்துக்கு மாணவங்க யாரும் வரலே. கணக்கு எடுத்துப் பாத்தேன், இந்த ஊர்லேர்ந்து ஒரே ஒரு ஆள், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. மூடறதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் ஏழு தப்பு உள்ள இருக்கு. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தமாப் போட்டு வெச்சதுல மிச்சம். உன் கண்ணுல இன்னும் படலே. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் சுத்தமாத் திருத்தி ஒப்படைக்கணுமாம். திருத்த உக்காந்தேன், மனசு வரலே. ஏழு மாசத்து உன் கடிதத்தை நானே கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் நேர்ல வந்துட்டேன்.

கடைக்காரி: அந்த ஏழையும் போட்ட மறுநாளே பாத்துட்டேன். வேணும்னே போடறீங்கன்னு ரெண்டாவது தப்புலயே தெரியும்… எல்லாத்தையும் ஒண்ணா எழுதிட்டா, அடுத்த மாசம் எதைச் சொல்லிக்கிட்டு உங்களுக்கு எழுதறது?