விளக்குக்கு முதுகு காட்டும் பூச்சி

உங்கள் டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். பரவாயில்லை, நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அதோ, உங்கள் டியூப்லைட்டைச் சுற்றும் விட்டிலைப் பாருங்கள். விளக்கின் மேல் உள்ள மோகத்தில் சுற்றுகிறது என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். பாட்டு எழுதுகிறவர்கள் கிளப்பிவிட்ட கதை அது. அதற்கு விளக்கின் மேல் ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பறக்கிற ஜீவனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரிய வேண்டும் அல்லவா? இருட்டிலும் தரையைவிட வானம் கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பறந்தால் கவிழாமல் போகலாம். கோடிக்கணக்கான வருஷம் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. நடுவில் நாம் பல்பை மாட்டினோம். பாவம், பல்பை வானம் என்று நம்பி அதற்கு முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப வட்டமடிக்கிறது. விளக்கைத் தரையில் வைத்தால் இன்னும் வேடிக்கை. அப்படியே மல்லாந்து பொத்தென்று விழும்.

இதைப் படம் பிடிப்பதுதான் என் வேலை. பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் காமராக்காரி. அந்த வேலையை வாங்கித் தந்தவர் அக்காவின் கணவர். என் அத்தான்தான் நிலையத்தின் தலைவர். தடித்த கண்ணாடி போடுவதால் அங்கே எல்லோருக்கும் அவர் 'பூதக்கண்ணாடி'. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொன்னால் அவரே "என்னப்பா?" என்று திரும்புவார். அவ்வளவு நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்தில் நானூறு தடவைக்கு மேல் படம் பிடித்தேன். கீழே விளக்கு வைத்ததும் எல்லாம் கவிழ்ந்தன, ஒரே ஒரு வகையைத் தவிர. உள்ளங்கை அகலத்தில், பச்சை நிறத்தில் ஒரு விட்டில். வளர்க்கும்போதே யாருக்கும் வளைந்துகொடுக்காததால் அத்தான் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். அது பாட்டுக்கு விளக்குக்கு மேலே நேராகப் பறந்து போயிற்று. பதினோரு தடவை. பதினோரு படத்தையும் அழித்துவிட்டேன்.

இதைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'எல்லா விட்டில்களும்' என்று இருந்தது, மேடம். 'பெரும்பாலான விட்டில்கள்' என்று போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. என் பெயர் முதலில், அத்தான் பெயர் அடுத்து. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் இருந்த தன் கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு, அந்த ஆணியில் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அத்தான் தன் நோட்டோடு காமரா அறைக்கு வந்தார். எந்தப் பூச்சியை எந்தத் தேதியில் என்னிடம் கொடுத்தார் என்று எல்லாம் அதில் இருந்தது.

"மாப்பிள்ளைங்க படமெல்லாம் எங்கம்மா?"

"மங்கலா இருந்துச்சு அத்தான். அழிச்சுட்டேன்."

"பதினொண்ணுமா?"

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, விடு. பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தானே? தப்பு எனக்கும்தான். சனிக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து பத்திரிகைக்கு லெட்டர் எழுதிடுவோம். உங்க அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, பசிக்கிறது என்று போய்விட்டார்.

எனக்கு அக்காவை நினைத்துத்தான் கவலை. விஷயம் தெரிந்தால் அவள் மனசு உடைந்துபோகும். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு வழிதான் இருந்தது.

அத்தானுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் எங்கே விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான் தெரியும். பூச்சி வளர்க்கும் கொட்டகையிலிருந்து காமரா அறைக்கு எண்பது அடி. வாசல் விளக்கைக் குறி வைத்துத் தனியாகவே நடந்து வருவார். யாராவது கையைப் பிடித்தால் ரோஷம் வந்துவிடும். பாதைக்கு இடப்பக்கம் கைவிட்ட கல்குவாரி. போன மழையில் சரிந்த வேலியை யாரும் வந்து நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை இருட்டத் தொடங்கியதும் வாசல் விளக்கை அணைத்தேன். பேட்டரி விளக்கைக் கொண்டுபோய்ப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், காமரா ஸ்டாண்டின் மேல், அதே உயரத்தில் வைத்தேன். அவ்வளவுதான். தொடவில்லை, தள்ளவில்லை. ஒரு விளக்கை இடம் மாற்றி வைத்தேன், அவர் அதைப் பார்த்து நடந்தார். ஸ்டாண்டின் மூன்று கால் தடத்தையும் உங்கள் கான்ஸ்டபிள் மண்ணில் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா நாலு நாள் சாப்பிடவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். கடிதத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மட்டில் நிம்மதி.

ஜல்லியில் அத்தானின் செருப்புத் தடம் ஏன் ஓரிடத்தில் தேய்ந்து தேய்ந்து கிடந்தது என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்புக்கு இரண்டடி முன்னால் அவர் நின்றுவிட்டார். காலால் தரையைத் தடவிப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்த மாதிரிகூட இருந்தது.

"ஏம்மா, வழி ஒரு மாதிரியா இருக்கே. நீ அங்கதான இருக்க?"

நான் விளக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கதான் இருக்கேன் அத்தான்," என்றேன். "நேரா வாங்க."